நீக்கிய மாசுக்கு இடம் எது?

வடக்கே பழவேற்காட்டு ஏரியையும் தெற்கே எண்ணூர்க் கழிமுகத்தையும் எல்லைகளாகக் கொண்டு, கிழக்கில் வங்கக் கடலும் மேற்கில் கொசஸ்தலை ஆற்றின் உப்பங்கழிகளும் பக்கிங்ஹாம் கால்வாயும் சூழ, ஏறக்குறைய ஒரு தீவாகவே கிடக்கும் காட்டுப்பள்ளி மணல்திட்டை, இறாலையும் நண்டையும் நம்பி வாழ்ந்த குப்பங்களின் பூமியாக மட்டுமே அறிந்திருந்த தலைமுறை இன்னும் மறைந்துவிடவில்லை. இன்று அதே திட்டில் ஒரு துறைமுகமும், கப்பல் கட்டும் தளமும், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையமும் நிற்கின்றன. அதனை ஒட்டிய காமராஜர் துறைமுகத்தில், நாட்டின் கிழக்குக் கரையிலேயே முதலாவதான திரவ இயற்கை எரிவாயு முனையம் 2019ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் திறந்துவைக்கப்பட்டு இயங்கி வருகிறது. ஆண்டொன்றுக்கு 50 லட்சம் டன் கையாளத்தக்க அம்முனையத்தில் கப்பலிலிருந்து இறங்குவது, உறைநிலைக்குக் கீழே ஏறத்தாழ 160 பாகைக் குளிரில், தன் இயல்பான கனபரிமாணத்தில் அறுநூற்றில் ஒரு பங்காக ஒடுங்கிய வாயு. வெப்பமூட்டி விரியச் செய்தபின் அது குழாய் வழியே மணலியின் எண்ணெய் ஆலைக்கும் உர ஆலைக்கும் அவற்றுக்கு அப்பாலும் செல்கிறது. நிறமற்ற, மணமற்ற, மிகவும் சுத்தமான வாயு அது. அந்தச் சுத்தியைப் பற்றியே எனக்கு ஒரு விசாரம். ஒரு பொருளைச் சுத்தமாக்குகிறபோது அதிலிருந்த அசுத்தத்தை நாம் உண்மையில் என்ன செய்கிறோம்? அழிக்கிறோமா, அடக்குகிறோமா, அல்லது நம் கண்ணுக்கு எட்டாத வேறொருவர் வாசலுக்கு அனுப்பிவிட்டுக் கைகழுவுகிறோமா? இவ்வினா நம் தத்துவ மரபுக்குப் புதிதன்று. ஆனால் இரசாயன சாஸ்திரம் அண்மைக் காலத்தில் கண்டறிந்த சில விசித்திரமான பதார்த்தங்கள் அதனைப் புதிய கூர்மையோடு நம் முன் வைக்கின்றன.

பூமியின் ஆழத்திலிருந்து எழும் எரிவாயு தனி மீத்தேன் அன்று. ஈத்தேனும் புரோப்பேனும், நைட்ரஜனும் நீராவியும், கரியமில வாயுவும், அழுகிய முட்டையின் நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடும், சில இடங்களில் பாதரச ஆவியும்கூட அதனோடு கலந்தே வருகின்றன. கரியமில வாயு ஈரத்தோடு கூடினால் அமிலமாகி எஃகுக் குழாயை அரிக்கும். ஹைட்ரஜன் சல்பைடு சுவாசித்தவனைக் கொல்லும். நீராவி மீத்தேனோடு சேர்ந்து பனிக்கட்டியை ஒத்த படிகமாக இறுகிக் குழாயை அடைக்கும். திரவமாக்கப் போகும் வாயுவிலோ, பத்து லட்சம் பங்கில் ஏறத்தாழ 50 பங்குக்கு மேல் கரியமில வாயு இருக்கலாகாது. இருந்தால் அக்கடுங்குளிரில் அதுவே கட்டியாக உறைந்து எந்திரத்தை நிறுத்திவிடும். ஆகவே இங்கே சுத்தி என்பது அவசியமே அன்றி ஆடம்பரமன்று. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மணலியில் யூரியா உரம் செய்கிறவனுக்கு அதே கரியமில வாயு இன்றியமையாத மூலப்பொருள். அம்மோனியாவோடு அதனைச் சேர்த்துத்தான் யூரியா பிறக்கிறது. எரிவாயுக் குழாய்க்காரனுக்கு மாசு எதுவோ அதுவே உரக்காரனுக்குச் செல்வம். அசுத்தம் என்பது பொருளின் சுபாவத்தில் உள்ள குற்றமன்று, ஒரு நோக்கத்தோடு அப்பொருளுக்கு ஏற்பட்ட சம்பந்தமே என்பதை இது காட்டுகிறது. நோக்கம் மாறினால் மாசு மாசாக இராது.

இக்கலப்பைப் பிரிப்பதற்கு உலகம் நெடுங்காலமாகக் கைக்கொண்டுவரும் வழி, 1930ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற அமீன் முறை. அமீன் எனப்படும் காரத் திரவத்தில் வாயுவைக் கழுவினால், அது கரியமில வாயுவையும் ஹைட்ரஜன் சல்பைடையும் இரசாயனப் பிணைப்பால் பற்றிக்கொள்கிறது. பின்னர் அப்பிணைப்பை அறுக்க, திரவம் முழுவதையும் கொதிநிலையை எட்டுமளவு காய்ச்ச வேண்டியிருக்கிறது. இறுகப் பற்றியதை விடுவிக்க மிகுந்த வெப்பம் செலவாகிறது என்பதே அம்முறையின் பெருங்குறை. இதற்கு மாற்றாக, இரசாயனப் பிணைப்பு இல்லாமல் மேற்பரப்பில் மட்டும் மென்மையாகப் பற்றி, அழுத்தம் தளர்ந்தவுடன் விட்டுவிடும் திடப்பொருள்களைத் தேடியபோதுதான் உலோக-கரிமக் கட்டமைப்புகள் என்னும் இந்தப் புதுப் பதார்த்தங்கள் விஞ்ஞானிகளின் கவனத்துக்கு உரியவாயின.

இவற்றின் வரலாறு மூன்று கண்டங்களில் நடந்தது. 1974ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ரிச்சர்ட் ராப்சன் என்ற ஆசிரியர், மாணவர்கள் மூலக்கூறு மாதிரிகளைக் கட்டுவதற்காக மர உருண்டைகளில் துளையிடச் செய்துகொண்டிருந்தபோது, துளைகள் எந்தெந்த இடத்தில் அமைகின்றன என்பதிலேயே கட்டிடத்தின் முழு வடிவமும் அடங்கியிருக்கிறது என்று உணர்ந்தார். அவ்வுணர்வை மெய்யான அணுக்களில் நிறைவேற்றி, தாமிர அயனிகளை மூலைக்கற்களாகவும் கரிம மூலக்கூறுகளைச் சட்டங்களாகவும் கொண்டு, வைரத்தின் அமைப்பையொத்த, ஆனால் உள்ளே விசாலமான வெற்றிடங்களுடைய ஒரு படிகத்தை 1989இல் வெளியிட்டார். ஜப்பானில் சுசுமு கிடகாவா, அத்தகைய கட்டமைப்பின் துளைகளுக்குள் மீத்தேனும் நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் புகுந்து வெளியேறினாலும் கட்டமைப்பு குலையாது நிற்கிறது என்று 1997இல் மெய்ப்பித்தார். அமெரிக்காவில் ஓமர் யாகி, துத்தநாகத்தையும் டெரிப்தாலிக் அமிலத்தையும் கொண்டு 1999இல் கட்டிய ஒரு படிகம், 300 பாகை வெப்பத்திலும் காலியாகவே நிற்கவல்லதாயிருந்தது. அதன் ஓரிரு கிராமின் உட்பரப்பை விரித்தால் ஒரு கால்பந்து மைதானத்தை மூடும். பின்னர் வந்தவற்றில் ஒரே கிராமில் 7,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட உட்பரப்பு உடையனவும் உண்டு. 2025ஆம் ஆண்டின் இரசாயன நோபல் பரிசு இம்மூவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. இவர்களுள் கிடகாவாவின் சிந்தைப் பாங்கு என்னை மிகவும் கவர்கிறது. இளமையில் அவர் படித்த, பௌதிக மேதை ஹிடேகி யுகாவாவின் நூலொன்றில், பயனற்றதாகத் தோன்றுவதற்குள் இருக்கும் பயனைப் பற்றிய சீன ஞானி சுவாங் சூவின் கருத்து எடுத்தாளப்பட்டிருந்தது. அக்கருத்தே, அவருடைய தொடக்க காலப் படிகங்களால் யாதொரு உபயோகமும் இல்லை என்று மானியம் மறுக்கப்பட்ட நாட்களிலும் அவரைத் தளராமல் உழைக்கச் செய்தது. ஓர் இரசாயனச் சாலையின் சாதனைக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்திய தத்துவ வாக்கியம் ஒன்று உரமாயிற்று என்பதை நம் கல்விமான்கள் அலட்சியம் செய்யலாகாது.

இனி, அந்த வெற்றிடம் எவ்வாறு தேர்ந்தெடுக்கிறது என்பதைப் பார்ப்போம். ஒரு மீட்டரை ஆயிரம் கோடிக் கூறுகளாகப் பகுத்தால் ஒரு கூறுக்கு ஆங்ஸ்ட்ராம் என்று பெயர். கரியமில வாயுவின் மூலக்கூறு ஏறத்தாழ 3.3 ஆங்ஸ்ட்ராம் அகலமுடையது, மீத்தேன் 3.8, நைட்ரஜன் இவ்விரண்டுக்கும் இடையே 3.6. அரை ஆங்ஸ்ட்ராம் வேற்றுமையைக் கண்டறிந்து ஒன்றை உள்ளே விட்டு மற்றொன்றை வாசலில் நிறுத்தும் துளைகளை இரசாயனிகள் இன்று கட்டுகிறார்கள். ஆயினும் அளவு மட்டுமே இங்கு காரணமன்று. கரியமில வாயுவின் நடுவிலுள்ள கரி அணு சற்றே நேர்மின் சாயலும், இரு முனைகளிலுள்ள ஆக்ஸிஜன் அணுக்கள் சற்றே எதிர்மின் சாயலும் கொண்டவை. மீத்தேனோ எப்பக்கமும் ஒரே தன்மையுடையது. சுவரில் மக்னீசியம், நிக்கல் முதலிய உலோக அயனியின் ஒரு முகம் மறைப்பின்றித் திறந்திருக்குமானால், மின்சாயலுடைய கரியமில வாயு அதன்பால் ஈர்க்கப்பட்டு அங்கே தங்கிவிடுகிறது. மீத்தேன் பெரும்பாலும் பற்றின்றிக் கடந்து செல்கிறது. சௌதி அரேபியாவில் முகம்மத் எத்தாவுதியின் குழுவினர் இவ்வழியில் மேலும் சென்று, கரியமில வாயுவையும் ஹைட்ரஜன் சல்பைடையும் ஒருங்கே பற்றும் கட்டமைப்புகளையும், மீத்தேனிலிருந்து நைட்ரஜனைப் பிரிக்கும் கட்டமைப்பு ஒன்றையும் ஆக்கியிருக்கிறார்கள். நம் நாட்டில் பெங்களூரில் சி. என். ஆர். ராவ் முதலியோர் திறந்த கட்டமைப்புடைய பதார்த்தங்களை நெடுநாள் ஆராய்ந்தவர்கள்.

இங்கே ஒரு தத்துவப் பிரச்சினை எழுகிறது. குடத்துக்குள் அடைபட்ட ஆகாசமும் வெளியே பரந்த ஆகாசமும் ஒன்றே, குடம் உடைந்தால் பேதம் ஒழியும், அவ்வாறே ஜீவனும் பிரம்மமும் என்று வேதாந்திகள் உரைப்பது நாம் அறிந்ததே. குடத்தின் அளவில் அது பொருத்தமான திருஷ்டாந்தம். ஏனெனில் சுவரின் ஈர்ப்பு ஒரு சில மூலக்கூறுகளின் தூரத்துக்கு மேல் எட்டாது, எஞ்சிய உள்வெளி முழுவதும் சுவரை அறியாமலே கிடக்கிறது. ஆனால் பத்து ஆங்ஸ்ட்ராம் அகலமுள்ள ஓர் அறையில், சுவரின் ஈர்ப்புக்கு அப்பாற்பட்ட ஒரு புள்ளிகூட இல்லை. அந்த வெளி குணமற்ற வெளியன்று. அதற்கு விருப்பும் உதாசீனமும் உண்டு. ஒன்றை வரவேற்று மற்றொன்றை வழியனுப்பும் விவேகம் உண்டு. யாகியின் துத்தநாகப் படிகம் ஈரக்காற்றில் கிடந்தால், நீர் மூலக்கூறுகள் அதன் மூட்டுகளைத் தாக்கி, கட்டடம் சரிகிறது. அதன்பின் அணுக்கள் யாவும் அங்கேயேதான் இருக்கின்றன, எடையில் குறைவில்லை, வெளி மட்டும் போய்விட்டது, வெளியோடு ஆற்றலும் போய்விட்டது. எல்லையுடைய சூனியம் எல்லையற்ற சூனியத்தின் வெறும் துண்டு அன்று என்றே இதிலிருந்து கொள்ளத் தோன்றுகிறது. காட்டுப்பள்ளிக்குத் தெற்கே சில கல் தொலைவில் உள்ள திருவொற்றியூரில் ஆதிபுரீசுவரர் புற்று வடிவினர். ஆண்டு முழுவதும் கவசத்தால் மூடப்பட்டிருக்கும் அத்திருமேனி கார்த்திகை மாதத்தில் மூன்று நாள் மட்டுமே கவசம் களைந்து தரிசனமளிக்கிறது. தில்லையில் நம் முன்னோர் ஆகாசத்தையே வணங்கினார்கள். ஒற்றியூரில், மண்சுவர் வகுத்துக்கொடுத்த உள்வெளிகளால் ஆன ஒரு வடிவத்தை வணங்கினார்கள். இரண்டும் ஒரே சைவத்துக்குள் இடம் பெற்றிருப்பதை நான் தற்செயலாகக் கருதவில்லை.

வெற்றிடத்தின் மகிமையோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. கரியமில வாயுவைப் பற்றப் பற்ற அறைகள் நிறைகின்றன. நிறைந்த கட்டமைப்பு பின்னர் எதையும் பற்றாது. அப்போது வாயுவின் ஓட்டத்தை வேறொரு கலத்துக்குத் திருப்பிவிட்டு, நிறைந்த கலத்தின் அழுத்தத்தைத் தாழ்த்துகிறார்கள். பற்றியிருந்ததெல்லாம் சிறைவிடுபட்டு வெளியேற, கட்டமைப்பு மீண்டும் காலியாகிப் பணிக்கு ஆயத்தமாகிறது. இம்முறையைக் கையாளும் சாலைகளில் பற்றுதலும் விடுதலும் நாள்தோறும் இடையறாது மாறி மாறி நிகழ்கின்றன. கனடாவின் கால்கரியில் துத்தநாகத்தைக் கொண்டு செய்யப்பட்ட ஒரு கட்டமைப்பு, ஈரத்தையும் தாங்கிக்கொண்டு சிமெண்ட் ஆலைப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரிக்கிறது. இயற்கை எரிவாயுத் துறையில் இப்பதார்த்தங்கள் இன்னும் பெரும்பாலும் ஆராய்ச்சிச் சாலையின் வாசலைத் தாண்டவில்லை என்றாலும், வெப்பச் செலவு குறைவு என்ற ஒரு காரணத்தாலேயே அவை தாண்டக்கூடும். தாண்டட்டும், அதனை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் எவ்வளவு நுட்பமான கட்டமைப்பாயினும் அது தன்னுள் வாங்கியதை அழிப்பதில்லை. ஒரு குழாயில் சுத்தமான மீத்தேன் செல்கிறது. மற்றொரு குழாயில் விலக்கப்பட்டது செல்கிறது. அந்த மற்றொரு குழாய் உலகின் மிகப் பல சாலைகளில் ஆகாயத்தை நோக்கித் திறந்திருக்கிறது.

கலங்கல் நீர் நிறைந்த பானையில் தேத்தாங்கொட்டையை இழைத்து விட்டால் கலங்கல் கீழே படிந்து நீர் தெளியும் என்பது நம் கிராமத்துப் பெண்மணிகள் அனைவரும் அறிந்த செய்தி. ஆதிசங்கரர் பெயரால் வழங்கும் ஆத்மபோதத்தில் இக்கொட்டை ஓர் உவமையாக வருகிறது. ஞானமானது அஞ்ஞானக் கலங்கலை நீக்கி ஜீவனைத் தெளிவித்து, நீரைத் தெளிவித்த கொட்டைப்பொடியைப் போலத் தானும் மறைந்துவிடும் என்பது அதன் கருத்து. எத்தனையோ முறை நினைந்து நினைந்து மகிழத்தக்க உவமைதான். ஆயினும் பானையின் அடியை ஒருமுறை பார்த்தவனுக்கு ஒரு சந்தேகம் தோன்றாமல் இராது. அங்கே பொடியும் மறையவில்லை, சேறும் மறையவில்லை. இரண்டும் ஒன்றாய்ப் படிந்து கிடக்கின்றன. பானையை அசைத்தால் மீண்டும் எழும். வேதாந்தி தெளிந்த மேல்நீரைப் பார்த்து, மாசு முதற்கண்ணே மெய்யன்று, தோற்றமே என்று முடிவுகட்டினான். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்ட தேவர் நிலைநாட்டிய சைவ சித்தாந்தமோ பானையின் அடியையும் கணக்கில் கொண்டது. ஆணவ மலம் அநாதி, அது உள்பொருள், உள்ளது இல்லாததாக மாட்டாது, ஆகவே வீடுபேற்றிலும் அது அழிவதில்லை, அதன் மறைக்கும் சக்தி மட்டுமே அருளால் மெலிந்து அடங்கிக் கிடக்கிறது என்பது அம்மரபின் துணிபு. இளமையில் இக்கொள்கையைக் கேட்டபோது, முக்தியடைந்த உயிருக்குப் பக்கத்தில்கூட மாசு இருக்குமோ என்று எனக்கு அது சற்று மனச்சோர்வு தருவதாகத் தோன்றியது. இப்போது அதிலே ஒரு பெரிய நேர்மையைக் காண்கிறேன். மாசு இல்லாமற் போயிற்று என்று சொல்வது எளிது. அது இருக்கிறது, இன்ன இடத்தில் இன்ன நிலையில் இருக்கிறது என்று சொல்பவனே அதற்குப் பொறுப்பேற்றவன்.

ஆத்மாவைப் பற்றிய சாஸ்திரத்தை வாயுக்களின் மேல் ஏற்றிப் பேசுவது முறையா என்று ஒருவர் ஆட்சேபிக்கலாம். கரியமில வாயுவுக்குப் பாவமும் இல்லை, மீத்தேனுக்குப் புண்ணியமும் இல்லை, உண்மை. நான் ஒப்பிடுவது வாயுவையும் ஆன்மாவையும் அல்ல; சுத்தம் செய்கின்ற மனத்தின் செயலை. அச்செயல் எங்கும் ஒன்றே. வேண்டியதை வேண்டாததிலிருந்து பிரிக்கிறோம். வேண்டியதன்மேல் பார்வையை நிலைநிறுத்துகிறோம். வேண்டாததிலிருந்து பார்வையை எடுத்துவிடுகிறோம். பார்வை அகன்றதையே அழிவென்று எண்ணிக்கொள்கிறோம்.

முழுச் சுத்தி என்பது மனிதன் தாங்கக்கூடிய நிலையும் அன்று என்பதற்கு எரிவாயுவே ஒரு சாட்சி. 1937ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் தேதி, அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊர்ப் பள்ளியில், மணமற்ற எரிவாயு ஒருவரும் அறியாமல் கசிந்து நிறைந்து வெடித்து, ஏறத்தாழ 300 பேர், பெரும்பாலும் குழந்தைகள், மாண்டுபோனார்கள். அதன்பின்னரே எரிவாயுவில் வேண்டுமென்றே ஒரு துர்நாற்றப் பொருளைக் கலக்கும் சட்டங்கள் பிறந்தன. கலக்கப்படும் மெர்கேப்டன் ஒரு கந்தகப் பொருள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஹைட்ரஜன் சல்பைடாக வந்த கந்தகத்தை அரும்பாடுபட்டு நீக்கிய பிறகு, வாயு வீட்டு அடுப்பை எட்டும் முன் கந்தகத்தையே மற்றொரு உருவில் துளியளவு சேர்க்கிறோம். ஏனெனில் நிர்க்குணமாய் நிற்பதை நம் இந்திரியங்கள் அறியமாட்டா. நிர்க்குணப் பிரம்மத்தை நாமரூபம் தந்து வணங்குவதற்கு நம் பெரியோர் கூறிய நியாயமும் இதற்கு வெகுதூரத்தில் இல்லை.

மீண்டும் காட்டுப்பள்ளிக்கு வருவோம். ஏனெனில் பானையின் அடி எங்கே இருக்கிறது என்று அறிய விரும்புகிறவர்கள் பார்க்க வேண்டிய இடம் அது. இங்கே 2010ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நிலையம் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீரைக் கடலிலிருந்து பிரித்தெடுத்துச் சென்னைக்கு அளிக்கும் திறனுடையது. உப்பை விலக்கி நீரை மட்டும் கடத்தும் மென்படலங்களும் ஒருவகையில் நம் கட்டமைப்புகளுக்கு உறவினரே. ஆனால் எடுத்த கடல்நீரில் பாதிக்கு மேற்பட்டது, உப்பு ஏறக்குறைய இரட்டித்த உவர்நீராகக் கரையோரக் கடலுக்கே திரும்புகிறது. நகரத்துக்குத் தண்ணீர், கரைக்கு உவர்ப்பு. அருகே வடசென்னை அனல்மின் நிலையம் நகரத்துக்கு வெளிச்சம் தருகிறது. எரிந்த நிலக்கரியின் சாம்பலை நீரில் கரைத்துக் கொண்டுசெல்லும் குழாய்கள் பலமுறை கசிந்து, கொசஸ்தலையின் கழிகளில் இறால் வளர்ந்த ஆழங்களைச் சாம்பற்சேறு தூர்த்துவிட்டது. செப்பாக்கம் என்ற கிராமம் சாம்பல் குளத்தை ஒட்டியே வாழ்கிறது. 2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகத்தை மூடியது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயொன்று கசிந்து, பெரியகுப்பத்து மக்கள் மூச்சுத் திணறி வீடுகளை விட்டு ஓடினார்கள். நகரத்தின் சுத்தத்துக்கும் சௌகரியத்துக்கும் வடசென்னை இடையறாது ஈடு கொடுத்துவருகிறது. அந்த ஈட்டை வாங்குகிறவர்களுக்கு அது தெரிவதே இல்லை.

இந்தத் தெரியாமை நமக்கு மிகப் பழகிய ஒன்று என்பதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஆசாரம், மடி, தீட்டு என்று நுணுகி நுணுகிச் சுத்தத்தை ஆராய்ந்த சமூகம் நம்முடையது. ஆனால் அந்தச் சுத்தத்திலிருந்து கழிந்தவற்றை, செத்த மாட்டையும் கழிவறையின் வாளியையும், சில குலத்தாரின் தலையில் ஏற்றி, ஊருக்கு வெளியே இருத்தி, சுமந்ததற்காக அவர்களையே அசுத்தர் என்றும் தீர்ப்பளித்தோம். மனிதக் கழிவை மனிதன் அள்ளுவதை 1993இலும், அதனினும் விரிவாக 2013இலும் சட்டம் தடுத்த பின்னரும், கழிவுநீர்க் குழிகளில் இறங்கி மனிதர்கள் சாவது நிற்கவில்லை. ஒரு பக்கத்தின் சுத்தியை மறு பக்கத்தின் மேல் ஏற்றப்பட்ட பாரத்தோடு சேர்த்து எண்ணாத எந்தத் தத்துவமும் பாதித் தத்துவமே. இதனை நம் சித்தாந்திகளும் வேதாந்திகளும் தங்கள் நூல்களில் ஒரு வினாவாக எழுப்பவில்லை. மலத்தின் இருப்பை ஒப்புக்கொண்ட சித்தாந்திகூட, தன் மடத்தின் குப்பை எவன் முதுகில் ஏறிப் போகிறது என்று கேட்கவில்லை. அந்தக் குறையை மூடி மறைப்பதால் அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை ஒன்றுமில்லை.

நூல்கள் கேளாத அவ்வினாவைக் கதை கேட்டிருக்கிறது. திருவொற்றியூர்க் கடற்கரையில் சமாதி கொண்ட பட்டினத்தடிகள் காவிரிப்பூம்பட்டினத்தில் பெருவணிகராய் இருந்து, ஒரு கணத்தில் யாவற்றையும் துறந்தவர். துறவு என்பது தன்னைச் சுத்தமாக்கிக்கொள்ளும் பெருஞ்செயல். கோடிக்கணக்கான பொன்னும் மணியும் அவருக்கு அன்று முதல் மாசு. அவருடைய கணக்கராகிய சேந்தனாரோ, தம் தலைவரின் சொற்படி கருவூலத்தைத் திறந்துவிட்டு, வேண்டுவோர் வேண்டுவதை எடுத்துச் செல்லச் செய்தார் என்றும், அதுகேட்டு வெகுண்ட அரசன் அவரைச் சிறையிலிட்டு வருத்தினான் என்றும், சேந்தனாரின் மனைவியும் மகனும் வந்து அழுது முறையிட, அடிகள் திருவெண்காட்டு இறைவனை வேண்டிப் பாடி அவரைச் சிறைமீட்டார் என்றும் கர்ணபரம்பரை கூறுகிறது. துறந்தவர் சுத்தமானார், அவர் உதறிய செல்வத்தின் பாரம் ஓர் ஊழியனின் கால்களில் விலங்காக விழுந்தது. ‘நான் துறந்தாயிற்று, சிறையும் விலங்கும் பிரபஞ்ச மாயை’ என்று அவர் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்வதற்குச் சாஸ்திரத்தில் ஆதாரமும் கிடைத்திருக்கும். அவர் சொல்லவில்லை. தாம் விலக்கியது எங்கே போய் யாரை வருத்துகிறது என்று கேட்டதும் எழுந்து போனார். இக்கதையைப் பேணிவந்த மக்கள், துறவின் பெருமையோடு துறவின் மிச்சத்தையும் நினைவில் வைத்திருந்தார்கள்.

எரிவாயு உலகிலும் அவ்வாறு எழுந்துபோன நாடொன்று உண்டு. வட கடலில் நார்வே எடுக்கும் ஸ்லைப்னர் வயலின் வாயுவில் ஏறத்தாழ 9 விழுக்காடு கரியமில வாயு. விற்பதற்கோ அது 2.5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். பிரித்ததை வானத்தில் விட்டால் 1991இல் அந்நாடு விதித்த கரி வரியைச் செலுத்த வேண்டும் என்ற நிலையில், 1996ஆம் ஆண்டு முதல், தொடக்க காலத்தில் ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னை நெருங்கிய அளவில், கரியமில வாயுவைக் கடலடிக்குக் கீழே ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஆழத்தில், உப்புநீர் ஊறிய மணற்பாறையின் நுண்துளைகளுக்குள் செலுத்தி வருகிறார்கள். செலவு மிக்க வழிதான்; எல்லா நிலத்துக்கும் பொருந்துவதும் அன்று; பாறை அதனை நெடுங்காலம் காக்குமா என்று இடைவிடாது சோதித்துப் பார்த்துக்கொண்டே இருக்கவும் வேண்டும். அங்கே மாசு அழிந்துவிட்டதாக ஒருவரும் பாவனை செய்யவில்லை என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. அது எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் குறித்து வைத்திருக்கிறார்கள்.

புதிய கட்டமைப்பொன்றைப் பற்றிய ஆராய்ச்சி உரைகள், ஒரு கிராம் எவ்வளவு பற்றும், எதனை விட எதனை எத்தனை மடங்கு விரும்பிப் பற்றும், எத்தனை முறை பற்றி விட்டாலும் தளராது என்ற மூன்றையும் அட்டவணையிட்டுத் தருகின்றன. விட்டது எங்கே செல்லும் என்ற நான்காவது பத்தியை எழுதும் பொறுப்பு இரசாயனியை மட்டும் சார்ந்ததன்று, வாயுவை வாங்குகிற நம்மையும் சார்ந்தது. எண்ணூரில் இறங்கும் திரவத்திலிருந்து கரியமில வாயு ஏற்றுமதி செய்த நாட்டிலேயே நீக்கப்பட்டுவிட்டது. அந்நாட்டின் கரையிலும் ஒரு காட்டுப்பள்ளி இருக்கக்கூடும். கப்பலோடு வரும் தரப் பத்திரத்தில் மீத்தேன் இவ்வளவு, ஈத்தேன் இவ்வளவு, நைட்ரஜன் இவ்வளவு என்று கணக்குத் தருவது வழக்கம். நீக்கிய கரியமில வாயு பாறைக்குள் சென்றதா, வானத்துக்குச் சென்றதா என்ற ஒரு வரியையும் அதில் சேர்க்கும்படி வாங்குகிறவர் கேட்கலாம். அந்த ஒப்பந்தம் பேசப்படும் மேசையில் செப்பாக்கத்துக்காரர் ஒருவரையும் உட்கார வைத்தால், அவ்வரி விடுபட்டுப் போகாமல் அவர் பார்த்துக்கொள்வார்.